சூரியன் அவளுக்குப் பின்னால் இருந்தது

அமெரிக்காவில் சாயங்காலம் விளக்குப் போட்டு ஆடுகிற பேஸ்பால் எங்களுக்கு விடியற்காலையில் வந்து சேரும். யாங்கோன் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் அதைப் பார்க்கிற தமிழர்கள் ஒரு டீக்கடை நிறையத் தேறமாட்டார்கள். அந்த டீக்கடை போட்டாதாங் படகுத்துறைக்கு எதிரே இருக்கிறது. கரண்ட் இருந்தால் டிவி. இல்லாவிட்டால் கடைக்காரரின் பேட்டரியில் டிவி. அதுவும் தீர்ந்துவிட்டால் யாராவது ஒருவருடைய போனைப் பால் டின்னில் சாய்த்து வைத்து எல்லோரும் தலையை முட்டிக்கொண்டு பார்ப்போம்.

எல்லோரும் என்றால் முக்கியமாக இரண்டு பேர். ஒன்று நான். துறைமுகப் பக்கம் கயிறு, தார்ப்பாய், வலை விற்கிற கடை எங்களுடையது. இன்னொருவர் பக்கத்துக் கடையில் குடையும் மழைக்கோட்டும் விற்கிறவர். நாகூர்ப் பக்கத்துக் குடும்பம், எங்கள் தெருவே அவரை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும். விடியற்காலைச் சுபுஹுத் தொழுகை முடித்துவிட்டுத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் நேரே டீக்கடைக்கு வந்து உட்காருவார். டீயில் பால் கூட, சீனி குறைவு, பேச்சு அதைவிடக் குறைவு. எனக்கு அப்படி இல்லை. எனக்கு வாய் நீளம் என்று படகுத்துறையில் மூட்டை தூக்குகிறவர்களைக் கேட்டாலும் சொல்வார்கள்.

எங்கள் சண்டை எப்போதும் ஒன்றுதான். நாங்கள் பார்க்கிற அமெரிக்க அணியில் கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டுக்கொண்டு ஆடுகிற ஒருத்தன் இருந்தான். ஆட்டத்துக்கு முன்னாலேயே மைக்கைப் பிடித்து, இன்றைக்கு நான் அடிப்பேன், முடிந்தால் தடுத்துப் பாருங்கள் என்கிற ரகம். அணியின் முதலாளி செய்வது தப்பு என்றால் அதையும் அதே மைக்கில் சொல்வான். எனக்கு அவன்மேல் கொள்ளை ஆசை. நானாவுக்கு அவனைக் கண்டாலே ஆகாது. அவருக்குப் பிடித்தவன் அடித்தாலும் தலைகுனிந்து ஓடுவான், அவுட்டானாலும் தலைகுனிந்து நடப்பான்.

"ஜெயிச்சுட்டுப் பேசட்டுமே தங்கச்சி. ஆடுறதுக்கு முந்தியே எதுக்கு இந்தச் சவடால்?" என்பார்.

"ஜெயிச்சப்புறம் யாரு வேணாலும் பேசுவாங்க நானா. தோத்தா நாலு பேர் சிரிப்பாங்கன்னு தெரிஞ்சும் பேசுறான் பாருங்க, அதுக்குத்தான் நெஞ்சு வேணும்."

சும்மா சொல்லக் கூடாது, நானா பக்கத்திலும் நியாயம் உண்டு. இந்த ஆட்டம் யாருடைய மூக்கையும் உடைக்காமல் விட்டதில்லை. பத்துத் தடவை மட்டை பிடித்தால் ஏழு தடவை ஒன்றும் ஆகாமல் திரும்பி வருகிறவன்தான் இதில் பெரிய ஆட்டக்காரன். சங்கிலிக்காரன் பெருமை பேசிய அன்றைக்கே மூன்று தடவை காற்றில் மட்டையை வீசிவிட்டு வந்து உட்கார்ந்ததும் உண்டு. அப்போதெல்லாம் நானா என் பக்கம் திரும்பவே மாட்டார். டீயை மட்டும் சத்தம் போட்டு உறிஞ்சுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எனக்கு இந்த ஆட்டம் ஒட்டிக்கொண்டது டிவியால் இல்லை, ஒரு சண்டையால். ஒரு நாள் முகமெல்லாம் பர்மாக்காரர்களைப் போலத் தனாக்காச் சாந்து பூசிய ஒரு பெண் கடைக்குள் நுழைந்து, கல்லாமேல் ஒரு கிழிந்த வலையைத் தூக்கிப் போட்டாள். இருபது இருபத்திரண்டு வயது இருக்கும். தமிழ்ப் பெண்தான், ஆனால் பாதி பர்மாப் பேச்சு.

"அக்கா, இது உங்க கடை வலை. நல்லா தாங்கும்னு சொல்லிக் குடுத்தீங்க."

"மீனுக்குத் தாங்கும். நீ எதுக்குக் கட்டினே?"

"பந்துக்கு."

"பந்துக்குக் கட்டினா கிழியாம என்ன செய்யும்? யாரு எறிஞ்ச பந்து அது, பீரங்கியிலேருந்து வந்துச்சா?"

"நான் எறிஞ்சது," என்றாள். கொஞ்சம்கூடச் சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கெழம வந்து பாருங்க. பாத்துட்டு அப்புறம் திட்டுங்க."

என் கடையில் வந்து என்னையே சவாலுக்குக் கூப்பிடுகிறாளே என்று அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறி ஷ்வேப்யிதாவுக்குப் போனேன். தொழிற்சாலைகளுக்குப் பின்னால், சாக்கடையோரம் ஒரு மைதானம். தையல் ஆலைகளில் வேலை செய்கிற பெண்கள் சேர்ந்து அமைத்த பேஸ்பால் அணி. மட்டை பிடிக்கிற இடத்துக்குப் பின்னால் மூங்கில் நட்டு என் கடை வலையைக் கட்டியிருந்தார்கள், நடுவில் பெரிய ஓட்டை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் பந்து எறிகிற மேட்டில் நின்று, மட்டையோடு நின்றவளைப் பார்த்து, "இப்ப உன் முட்டிக்கு நேரா வரும், பாத்துக்க," என்று சொல்லிவிட்டு எறிந்தாள். முட்டிக்கு நேராகத்தான் வந்தது. அடிக்க முடியவில்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். மறு ஞாயிறு இழுவைப் படகுக்கு விற்கிற தடித்த வலையை எடுத்துக்கொண்டு போய் நானே கட்டிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு எந்த ஞாயிறும் நான் கடையில் இல்லை. என் வீட்டுக்காரர்தான் பார்த்துக்கொள்வார்.

அவளுடைய வாய் எறிவதற்கு மட்டும் இல்லை. ஒரு ஆட்டம் ஜெயித்த பிறகு யாரோ போனில் படம் பிடித்துக்கொண்டே, "எப்படி இருக்கு?" என்று கேட்டார்கள். எல்லாப் பெண்களும் சந்தோஷம் என்றார்கள். இவள் காலைத் தூக்கிக் காட்டினாள். ஷூவின் அடி பிளந்து நாக்கு மாதிரி தொங்கியது. "ஆம்பளைங்க போட்டுக் கழிச்ச ஷூ இது. அவங்களுக்குப் புதுசு வந்துச்சு. எங்களுக்கும் கால்தானே இருக்கு?" என்றாள். படம் ஊரெல்லாம் சுற்றியது. ஆட்டத்தை நடத்துகிறவர்களுக்குக் கோபம் வந்து, அவளைச் சில ஞாயிறுகள் ஓரமாக உட்கார வைத்தார்கள். அவள் உட்கார்ந்தாள், மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. மழை தொடங்குவதற்குள் அணி முழுக்கப் புது ஷூ வந்தது. அதைப் போட்டுக்கொண்டு அவர்கள் ஓடியதைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மறுநாள் டீக்கடையில் நானாவை நான் நிம்மதியாக டீ குடிக்க விடவில்லை.

அவளுக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். சின்ன வயசிலிருந்தே தெருவில் சின்லோன் ஆடி வளர்ந்தவள். சின்லோன் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பிரம்பில் பின்னிய பந்தை வட்டமாக நின்றுகொண்டு காலால் தட்டித் தட்டிக் கீழே விழாமல் வைத்திருப்பார்கள். எதிராளி கிடையாது, புள்ளி கிடையாது, தோல்வி கிடையாது. விழுந்தால் எல்லோரும் சிரித்துவிட்டு மறுபடி தொடங்குவார்கள். இங்கே பிறந்த யாருக்கும் கண்முன்னே பந்து விழுந்தால் கால் தானாக எழும்பும். பயிற்சியில் அவள் கையுறையிலிருந்து பந்து நழுவினால் உடனே கால் போகும். பயிற்சி கொடுக்கிறவர் ஒரு வயதான பர்மாக்காரர், வாத்தியார் என்பதால் எல்லோரும் அவரைச் சயா என்பார்கள். "கால் வேண்டாம், கால் வேண்டாம்" என்று கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அவள் சிரிப்பாள். எங்களுக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஜப்பானிலிருந்து ஒருவர் வரப்போகிறார் என்று சேதி வந்தது. அங்கே ஒரு தொழிற்சாலையில் பெண்கள் அணி இருக்கிறது. பாதி நாள் வேலை, பாதி நாள் பேஸ்பால். இங்கிருந்து ஒருத்தியை எடுப்பார்கள். ஒரே ஒரு இடம்.

"அது என்னோட இடம்," என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள் அவள். "வேற யாராவது பொட்டி கட்டியிருந்தா அவுத்து வெச்சுரச் சொல்லுங்க."

என்னிடம் தனியாக வேறு மாதிரிச் சொன்னாள். "அக்கா, வாரம் பூரா காலர் தைக்கிறேன். ஞாயித்துக்கெழம மட்டும்தான் எனக்கு உசுரு இருக்கு. அங்க போனா தெனமும் ஞாயித்துக்கெழம."

அதற்குப் பிறகு எனக்கும் தூக்கம் போய்விட்டது. அவள் போக வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. டீக்கடையில் வாய் சும்மா இருக்குமா? அவளைத் தவிர வேறு யாரை எடுக்க முடியும் என்று நான் அளந்து விட்டுக்கொண்டே இருந்தேன். நானா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"பந்தயம் கட்டுறியா? அந்தப் புள்ளைய எடுத்தா, ஒரு மாசம் ஆட்டம் பாக்குற எடத்துல நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"நீங்க வாயத் தொறக்காம இருக்குறது ஒரு பந்தயமா நானா? ஆடு தழை திங்காதுன்னா பந்தயம். ஆடு பறக்காதுன்னா அது என்ன பந்தயம்?"

"சரி. எடுக்கலேன்னா நீ தொறக்கக் கூடாது."

கடை முழுக்கச் சிரித்தது. நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

மழை ஓய்ந்த ஒரு ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் ஆட்டம். எதிரே மாவ்பி பக்கத்திலிருந்து வந்த அணி. நானாவும் வந்திருந்தார், விற்பனைக்கு வைத்திருந்த குடை ஒன்றைப் பிடித்துக்கொண்டு. நாங்கள் என் வலைக்குப் பின்னால் உட்கார்ந்தோம். ஜப்பான்காரர் எங்களுக்குக் கொஞ்சம் தள்ளி, மொழிபெயர்த்துச் சொல்கிற ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேட்டுக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்ததால் எங்கள் எல்லோருக்கும் கண் கூசியது.

அன்றைக்கு அவள் எறிந்த மாதிரி நான் டிவியிலும் பார்த்ததில்லை. எறிவதற்கு முன்னால் பேச்சு, எறிந்த பிறகு பேச்சு. மாவ்பிப் பெண் ஒருத்தி கோபத்தில் மட்டையைத் தரையில் குத்தினாள். "மட்ட என்னடி செஞ்சுச்சு, பந்தப் பாரு," என்றாள் இவள். அந்தப் பெண்ணுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஜப்பான்காரரும் சிரித்தார். நான் நானாவை முழங்கையால் இடித்தேன்.

கடைசிச் சுற்று. எங்கள் பக்கம் ஒரு ஓட்டம் அதிகம். மாவ்பி அணியில் இரண்டு பேர் அவுட், மூன்றாவதும் அவுட்டானால் ஆட்டம் நம்முடையது. ஆனால் அவர்கள் ஆட்கள் இரண்டு பேர் இரண்டாம் தளத்திலும் மூன்றாம் தளத்திலும் ஓடத் தயாராக நின்றார்கள். இவள் எறிந்தாள். மட்டையின் ஓரத்தில் பட்டுப் பந்து நேரே ஆகாசத்துக்குப் போனது. எங்கும் போகாமல் அவள் தலைக்கு மேலேயே போனது. குழந்தைகூடப் பிடித்துவிடும். பேஸ்பாலில் ஒரு வழக்கம் உண்டு: யார் பந்தைப் பிடிக்கப் போகிறார்களோ அவர்கள் "எனக்கு" என்று கத்த வேண்டும், மற்றவர்கள் ஒதுங்கிவிட வேண்டும். அவள் மைதானம் அதிரக் கத்தினாள். எல்லோரும் ஒதுங்கினார்கள்.

பந்து கையுறையில் விழுந்து, துள்ளி, வெளியே வந்தது. அப்படியே தரையில் விழ விட்டிருந்தாலும் பிழையில்லை. பொறுக்கி எடுத்து முதல் தளத்துக்கு எறிந்திருந்தால் ஓடுகிறவள் அவுட், ஆட்டம் முடிந்தது. அதற்கு நேரம் இருந்தது. ஆனால் அவளுடைய வலது கால் எழும்பிவிட்டது. சின்லோனில் தட்டுவதுபோல, அவ்வளவு அழகாக, கால் நுனியால் ஒரு தட்டு. பந்து யாருமே இல்லாத பக்கமாக வளைந்து போய்ச் சாக்கடையோரம் விழுந்தது. மாவ்பிப் பெண்கள் இரண்டு பேரும் ஓடி வந்து சேர்ந்துவிட்டார்கள். தோற்றோம்.

சின்லோனாக இருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள். இங்கே யாரும் மூச்சுவிடவில்லை. அவள் மேட்டிலேயே நின்று தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஜப்பான்காரர் எழுந்து அவளிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன், நானாவும் வந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. நல்ல மனிதர். மொழி சொல்கிறவர் மூலம் மெதுவாகக் கேட்டார். "வெயில் கண்ணில் பட்டுவிட்டதா?"

அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் அவர் கண்ணில்தான் வெயில் பட்டது. அதனால் அவளுக்கும் அப்படி இருந்திருக்கும் என்று நினைத்தாரோ, இல்லை தெரிந்தேதான் ஒரு கதவைத் திறந்து விட்டாரோ. ஆமாம் என்று ஒரு வார்த்தை. தலையை ஆட்டினால்கூடப் போதும். சயா அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, ஆட்டு, ஆட்டு என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

"இல்ல," என்றாள் அவள். "சூரியன் எனக்குப் பின்னால இருந்துச்சு. நான்தான் கூப்பிட்டேன், நான்தான் விட்டேன். காலும் என் கால்தான்."

மட்டைக்காரியிடம் பேசிய அதே சத்தம். ஒரு இழை குறையவில்லை. மொழி சொல்கிறவர்தான் அதைக் கொஞ்சம் தணித்துச் சொன்னார் என்று நினைக்கிறேன். ஜப்பான்காரர் அவளுக்குத் தலைகுனிந்து வணங்கிவிட்டுப் போனார். நாங்கள் மைதானத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன்னாலேயே முடிவு தெரிந்தது. அவர் எடுத்தது எங்கள் அணியின் முதல் தளத்துப் பெண்ணை. அந்தப் பெண் நல்ல ஆட்டக்காரி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவள் குரல் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. நானாவின் ரகம்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பந்து எறிந்தவளைப் பிடித்து உலுக்கினேன். "அடிப் பைத்தியக்காரி, ஆமான்னு சொல்லியிருந்தா உன் வாயி தேஞ்சா போயிரும்? எல்லாத்துக்கும் பேசுவியே, இதுக்கு ஒரு பொய் பேசக் கூடாதா?"

அவள் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வலது கால் பெருவிரல் வீங்கி நீலமாக இருந்தது. கட்டை மாதிரிக் கெட்டியான பந்து அது, பிரம்புப் பந்து இல்லையே.

"ஷூ கிழிஞ்சிருக்குன்னு சொன்னேன்ல, அது நெசம்," என்றாள். "இன்னிக்கு வெயில் அடிச்சுச்சுன்னு சொன்னா, அன்னிக்குச் சொன்னதையும் யாரு அக்கா நம்புவாங்க?"

அதைச் சொல்லிவிட்டுத்தான் அழுதாள். நானும் அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். நானா தன் குடையை எங்கள் இரண்டு பேருக்கும் பிடித்துக்கொண்டு நின்றார்.

பந்தயம் பந்தயம்தான். அமெரிக்காவில் வருஷக் கடைசிப் பெரிய ஆட்டங்கள் நடக்கிற மாதம் பார்த்து நான் வாயைக் கட்டிக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்தேன். இந்த விரதம் வீட்டுக்கும் உண்டா என்று என் வீட்டுக்காரர் ஆசையாகக் கேட்டார். சங்கிலிக்காரன் ஒரு நாள் அடித்தான், ஒரு நாள் மண்ணைக் கவ்வினான். எனக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது, சொல்ல முடியவில்லை. ஆச்சரியம் என்னவென்றால் நானாவும் என்னைச் சீண்டவில்லை. சங்கிலிக்காரன் அவுட்டாகித் திரும்பி வந்து, மைக்கைப் பிடித்து, என் தப்புத்தான் என்று சொன்ன அன்றைக்கு, டீயைச் சத்தமில்லாமல் குடித்தார்.

என் கவலை வேறு. அவளைப் பற்றி எல்லோரும் ஒரே பாட்டைப் பாடத் தொடங்கியிருந்தார்கள். வாய்தான் கெடுத்தது, இனியாவது அடக்கமாக இரு என்று வீட்டில் சொன்னார்களாம், ஆலையில் சொன்னார்களாம். விரல் ஆறுகிற வரைக்கும் அவள் மைதானத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டுப் போனாள். யாரிடமும் அதிகம் பேசவில்லை. ஆட்டம் அவள் காலை ஒடித்தால் ஆறிவிடும், நாக்கை ஒடித்துவிட்டால் என்ன செய்வது? கேட்கலாம் என்றால் மைதானமும் ஆட்டம் பார்க்கிற இடம்தான். நான் ஊமை.

அவள் மறுபடி மேடேறிய ஞாயிறு நானா தானாகவே என்னோடு பஸ் ஏறினார். அவள் எறிந்தாள், நன்றாகத்தான் எறிந்தாள். ஆனால் மட்டைக்காரியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. முகத்தைப் பார்க்கவே எனக்குப் பொறுக்கவில்லை.

நடுவில் ஒரு பந்து மேலே எழும்பியது. அதேமாதிரி, நேரே, அவள் தலைக்கு மேலே. மைதானம் முழுக்கக் கல்லாய்ச் சமைந்தது. அவள் அண்ணாந்து பார்த்தாள், வாய் திறக்கவில்லை. முதல் தளத்துக்குப் புதிதாக வந்திருந்த பெண் பயந்துபோய், தானே பிடித்துவிடலாம் என்று அவளை நோக்கி ஓடி வரத் தொடங்கினாள். நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

என் பக்கத்தில் குடை கீழே விழுந்தது. நானா எழுந்து நின்று, என் வலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாழ்நாளில் அவர் பேசாததையெல்லாம் சேர்த்து வைத்தமாதிரித் தமிழில் கத்தினார்.

"ஒதுங்கு புள்ள, அது அவ பந்து. கூப்புடும்மா, நீ கூப்புடு."

"எனக்கு," என்று கத்தினாள் அவள். சாக்கடைக்கு அந்தப் பக்கம் இருந்த காக்கைகள் எழும்பின. புதுப் பெண் நின்றுவிட்டாள். பந்து இறங்கி வந்து கையுறைக்குள் உட்கார்ந்தது. வலது கால் மட்டும் லேசாக எழும்பி, மறுபடி தரைக்கு வந்தது.

அவள் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "நானா, உங்களுக்கு என்னவிட வாய் நீளம்," என்றாள்.

நானா வெட்கப்பட்டுக் குடையைத் தேடினார். எனக்குப் பந்தயத்தில் இன்னும் சில நாள் பாக்கி இருந்தது. அதனால் நான் ஒன்றும் சொல்லவில்லை. அழுதேன், அதற்குத் தடை போட்டிருக்கவில்லை.